ஹாஜி தந்த டீயும் தராத டீயும்

எங்கள் முதலாளி ஹாஜி தன் கையால் டீ நீட்டினால், வாங்கிக்கொள்பவனுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அவர் திட்டத் தெரியாத மனிதர். கோபம் வந்தால் திட்டுவதற்குப் பதிலாக டீ சொல்லுவார். தப்புச் செய்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். கிளாஸ் காலியாவதற்குள் செய்த தப்பெல்லாம் அவனுக்கே வரிசையாக நினைவுக்கு வந்துவிடும். "இன்னைக்கு யாருக்கு டீ?" என்பதுதான் துபாய் தேராவில் எங்கள் படகுத்துறையில் காலையில் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி. அந்த நாட்களில் ஊரில் இருந்த என் மனைவிக்கு நான் எழுதிய கடிதங்களில் பாதி, ஹாஜி யாருக்கு டீ கொடுத்தார் என்கிற செய்திதான்.

துறையில் என்னோடு வேலை பார்த்த தம்பிகள் சிலர் இன்னும் துபாயில் இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்றுக் கீழக்கரைக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. இதற்குள் சரக்கு ஏற்றும் லாஞ்சுகள் கிரீக் என்கிற கடற்கழியில் வேறு பக்கம் போய்விட்டன. நாங்கள் நின்ற துறையைக் கடைகளும் ரெஸ்டாரண்டுகளுமாக மாற்றிவிட்டார்கள். "காக்கா, அடுத்த தடவ வரும்போது போய்ப் பாத்துட்டு நம்ம காலத்தையும் சேர்த்து எழுதுங்க" என்று, அண்ணனைக் காக்கா என்றழைக்கும் எங்கள் ஊர்த் தம்பிகள் போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். இந்த வருடம் மகள் ருக்சானாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்க நானும் என் மனைவி ஜெய்னம்புவும் துபாயை அடுத்த அஜ்மானுக்கு வந்தோம். ஒரு சாயங்காலம் மருமகனுக்கு டியூட்டி. மகளே காரை ஓட்டிக்கொண்டு எங்களைத் துறைக்குக் கூட்டிப் போனாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வருத்தமே வரவில்லை. டயர்கள் மலைபோல் குவிந்து கிடந்த இடத்தில் ஐஸ்கிரீம் கடை. எங்கள் ஆபீஸ் இருந்த இடத்தில் அத்தர் கடை. அங்கே முன்பு டீசல் நாற்றமும் வெங்காய நாற்றமும் சேர்ந்து அடிக்கும். அந்த வெயிலில் முப்பது வருடம் நின்றவனுக்கு, அதே இடத்தில் ஏசி வந்திருப்பது கசக்குமா? படகு கட்டுகிற இரும்புக் குற்றிகளை மட்டும் எடுக்காமல், கறுப்புப் பெயிண்ட் அடித்து அழகுக்கு விட்டிருந்தார்கள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். அதன் கழுத்தில் கயிறு அறுத்த பள்ளம் அப்படியே இருந்தது. "இதுக்கு வாய் இருந்தா உங்க வாப்பாவோட வண்டவாளத்தையெல்லாம் சொல்லும்" என்று மகளிடம் சொன்னாள் ஜெய்னம்பு.

நான் இங்கே வந்த புதிதில் மூட்டைகளுக்குக் குறி போடும் வேலை. பிறகு ஆட்களைப் பிரித்துவிடும் வேலை. அதற்குப் பிறகுதான் ஃபோர்மேன். அரபியும் இந்தியும் வாயில் நுழைய ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை எழுதினால் தம்பிகள் தூங்கிவிடுவார்கள். கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

லாஞ்சு என்றால் மரத்தால் ஆன பெரிய சரக்குப் படகு. ஈரான், ஏமன், சோமாலியா என்று எங்கும் போகும். கடைசியாகப் போகும் துறைமுகத்தில் இறக்க வேண்டிய சரக்கு முதலில் உள்ளே போக வேண்டும். கனமானது அடியில், உடைவது மேலே. இது எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஹாஜியின் பாடம் இதற்குப் பிறகு தொடங்கும். ஏற்றி முடியும் நேரத்தில் அவர் ஒரு அப்ராவில் ஏறிக்கொள்வார். கிரீக்கின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்களைக் கடத்துகிற சின்னப் படகுதான் அப்ரா. நடுவில் போய், லாஞ்சின் பின்பக்கம் நேராகத் தெரியும் இடத்தில் நிறுத்தச் சொல்லுவார். தலையில் கட்டியிருக்கும் வெள்ளைத் துண்டை அவிழ்ப்பார். லாஞ்சு எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகத் துண்டை மெல்ல இறக்கிக் காட்டுவார். நாங்கள் சரக்கை மறுபக்கத்துக்கு மாற்றுவோம். தலைக்கு மேல் இரண்டு கையாலும் துண்டை விரித்துப் பிடித்துவிட்டால் சரியாகிவிட்டது, கலாஸ், முடிந்தது, கட்டு என்று பொருள். ஓட்டிகளான நகுதாக்கள் எல்லோருக்கும் இது தெரியும். எந்தச் சத்தத்துக்கும் அசையாத நகுதாகூட ஹாஜியின் துண்டு இறங்குவதைப் பார்த்தால் நின்ற இடத்தில் நிற்பான். நடுக்கடலில் சரக்கு சரிந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இடம் குறைவு என்பதால் லாஞ்சுகள் ஒன்றை ஒட்டி ஒன்றாக மூன்று, நான்கு வரிசை நிற்கும். வெளியே நிற்கிற லாஞ்சுக்குச் சரக்கு போக வேண்டுமென்றால், உள்ளே நிற்பவற்றின் தளத்தை மிதித்துத்தான் போக வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் கால் வைக்கும்போது சலாம் சொல்ல வேண்டும். சொல்லாமல் மிதித்தால் அந்தப் படகின் வேலையாட்களான கலாசிகள் சும்மா விடமாட்டார்கள். தூக்கிப் போகிறவர்கள் களைத்தால், நடுப் படகின் தளத்தில் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டுப் போவார்கள். யாரும் தொடமாட்டார்கள். இந்த நம்பிக்கைதான் ஒருநாள் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஹலீமா என்று ஒரு சோமாலியப் பெண். தேராவில் ஒரு தையல் கடையில் பல வருடம் மெஷின் மிதித்தவள். சேர்த்ததையெல்லாம் போட்டுத் தையல் மெஷின்கள் வாங்கியிருந்தாள். சோமாலியத் துறைமுகமான பொசாசோவில் ஒரு வீட்டைப் பிடித்துப் போட்டிருந்தாள். சண்டையில் புருஷனைப் பறிகொடுத்த பெண்களைக் கூட்டித் தையல் கூடம் நடத்துவதாக ஏற்பாடு. மெஷின் பெட்டிகளில் பச்சைக் கோடு போட்டு, பொசாசோ லாஞ்சில் ஏற்ற வேண்டியது எங்கள் வேலை. மறுநாள் விடியற்காலையில் லாஞ்சு கிளம்புகிறது. அந்தப் பருவத்தின் கடைசி லாஞ்சு அதுதான். தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் சோமாலியப் பக்கம் கடல் மூடிவிடும். பிறகு மூன்று மாதம் ஒரு மரத்துண்டுகூடப் போகாது. வாடகைக்குப் பிடித்த வீட்டை அதுவரை வெறுமனே வைத்திருக்க அவளால் முடியாது. இதையெல்லாம் ஆபீஸ் வாசலில் காத்திருந்தபோது அவளே என்னிடம் சொன்னாள். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்றும் கேட்டாள். ஊரில் மனைவி முழுகாமல் இருக்கிறாள், முதல் பிள்ளை என்றேன். அவள் கையை ஏந்தி துஆ செய்தாள்.

பொசாசோ லாஞ்சு மூன்றாவது வரிசையில் நின்றது. அதற்கு முன்னால் நடுவில் நின்றது ஈரானுக்குப் போகும் லாஞ்சு. ஆட்கள் மெஷின் பெட்டிகளை நடுப் படகுவரை தூக்கிக்கொண்டு போன நேரத்தில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். பெட்டிகளை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போனோம். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் நடுப் படகைக் காணோம்.

நடந்தது இதுதான். நடுப் படகுக்குப் போக அனுமதி வந்துவிட்டது. அதன் கலாசிகள் தளத்தில் கிடந்த டயர், எண்ணெய் டின்னோடு எங்கள் பெட்டிகளையும் சேர்த்துத் தார்ப்பாய் போட்டு இறுக்கிவிட்டார்கள். வெளியே நின்ற பொசாசோ லாஞ்சின் ஆட்களே கயிற்றைத் தளர்த்தி வழிவிட்டு, கையசைத்து வழியனுப்பியும் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி நம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனது தெரியாமல் வாசல்வரை போய் வழியனுப்பிய கதை.

ஹலீமா தளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மகீனா மாஃபி?" என்றாள். மெஷின் இல்லையா என்று இரண்டே வார்த்தை. ஹாஜியைத் திரும்பிப் பார்த்தேன். டீ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் டீ சொல்லவில்லை. யார் இறக்கி வைத்தது என்றும் கேட்கவில்லை. "யல்லா" என்று மட்டும் சொல்லி அப்ரா நிற்கும் படிக்கட்டை நோக்கி நடந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை.

படிக்கட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு அப்ரா கிளம்பிக்கொண்டிருந்தது. ஹாஜியும் ஹலீமாவும் நானும் தாவி ஏறினோம். உள்ளே மீன் பையோடு ஒரு மலையாளி, இரண்டு பட்டாணியர், டியூட்டிக்குப் போகும் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ், துணிக்கடைச் சிந்தி ஒருவர். எல்லோரும் எதிர்க்கரையான பர்துபாய்க்குப் போக வேண்டியவர்கள். ஹாஜி வங்காளி ஓட்டியின் தோளில் கை வைத்துக் கடல் பக்கம் காட்டினார். மற்றவர்களைப் பார்த்து, "பர்துபாய் எங்கேயும் போய்விடாது. அந்த லாஞ்சு போய்விடும்" என்று இந்தியில் சொன்னார். விஷயம் தெரிந்ததும் ஒருவர்கூட முறைக்கவில்லை. சிந்திதான் எல்லோருக்கும் முந்தி, "ஜல்தி, பாய், ஜல்தி" என்று ஓட்டியை விரட்ட ஆரம்பித்தார்.

அப்ரா ஒன்றும் ரேஸ் குதிரை இல்லை. லாஞ்சும் நிறைமாதக்காரி மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் கிரீக்கின் வாய் நெருங்கிக்கொண்டே வந்தது. அதைத் தாண்டிவிட்டால் திறந்த கடல், அப்ரா போக முடியாது. கத்தினோம். பட்டாணியர் இருவரும் விசிலடித்தார்கள். லாஞ்சின் இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் எடுபடவில்லை. ஹலீமா படகின் விளிம்பைப் பிடித்தபடி ஓதிக்கொண்டே இருந்தாள்.

அப்போது ஹாஜி எழுந்து நின்றார். ஆடுகிற அப்ராவில் நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தலைத்துண்டை அவிழ்த்தார். வேலை முடிகிற நேரத்தில் தினமும் செய்வதுபோலவே, அவசரமில்லாமல், துண்டை இடது பக்கமாக மெல்ல இறக்கினார். மறுபடி தூக்கி, மறுபடி இறக்கினார். லாஞ்சின் பின்பக்கம் நின்ற நகுதா திரும்பிப் பார்த்தான். அடுத்த கணம் இன்ஜின் சத்தம் அடங்கியது.

பக்கத்தில் போனதும் நகுதா குனிந்து தன் படகின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படகு நேராகத்தானே நிற்கிறது, எங்கே சாய்ந்திருக்கிறது என்று கோபமாகக் கேட்டான். ஹாஜி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டே சொன்ன பதிலை நான் இன்றுவரை என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: "அடுத்தவர் பொருள் ஏறிய படகு நேராக நிற்காது."

தார்ப்பாயைத் தூக்கினால் பச்சைக் கோடு. நகுதா தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் கட்டவிழ்த்த படகைத் திருப்பித் துறைக்குக் கொண்டுவருவது நல்ல சகுனம் இல்லை என்று சொல்லிவிட்டான். எங்கள் அப்ரா அத்தனை மெஷினையும் தாங்காது. அதற்குள் வேடிக்கை பார்க்க நாலைந்து அப்ராக்கள் எங்களைச் சுற்றிக் கூடிவிட்டன. ஹாஜி ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி இரண்டு பெட்டியாக இறக்கச் சொன்னார். பயணிகளைக் கனம் பார்த்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றி உட்காரவைத்தார். மலையாளியின் மீன் பையைக்கூட விடவில்லை, அதையும் எடை பார்த்து இடம் மாற்றினார். நர்ஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு எல்லா அப்ராவும் வரிசையாகத் துறைக்குத் திரும்பின. கல்யாண ஊர்வலம்தான். முன்னால் போன எங்கள் அப்ராவில் ஹலீமா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். எங்கள் ஊர்ப் பெண்கள் இடுகிற அதே குலவை.

மெஷின்கள் பொசாசோ லாஞ்சில் ஏறின. இந்த முறை யாரும் நடுவில் இறக்கி வைக்கவில்லை. ஹாஜி டீக்கடைக்காரனைக் கூப்பிட்டார். பட்டாணியருக்கு டீ, நர்ஸுக்கு டீ, சிந்திக்கு, மலையாளிக்கு, ஹலீமாவுக்கு, அப்ராக்காரர்கள் அத்தனை பேருக்கும் டீ. நான் கையை நீட்டினேன். "உனக்கு இல்லை" என்றார். ஒரு நொடி விழித்தேன். பிறகு புரிந்தது. வந்தவர்களுக்கு அது உபசாரம், அவருடைய ஆட்களான எங்களுக்கு அது தண்டனை. அந்த நாளின் மொத்தத் தப்பிலும் எனக்குப் பங்கு இல்லை என்று அவர் தீர்த்துச் சொல்கிறார். எல்லோரும் குடிக்க, நான் வெறுங்கையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பாராட்டு வாங்கினேன், அதுபோல ஒன்று வாய்க்கவில்லை.

காற்று அடங்கிக் கடல் திறந்ததும் பொசாசோவிலிருந்து வந்த முதல் லாஞ்சின் நகுதா என்னிடம் ஒரு பொட்டலம் கொடுத்தான். உள்ளே மஞ்சள் பூப்போட்ட ஒரு குழந்தைக் கவுன். ஹலீமா தைத்து அனுப்பியது. ஆணா பெண்ணா என்று தெரியாமலே தைத்திருக்கிறாள். ருக்சானா பிறந்திருந்தாள். அதைப் போட்டுத்தான் முதல் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கவுனை ஜெய்னம்பு பத்திரமாக வைத்திருந்து இந்தப் பயணத்தில் கொண்டுவந்திருந்தாள். பேத்திக்கு அதைப் போட்டு, நான் நின்ற துறையிலேயே போட்டோ எடுக்க வேண்டும் என்பது அவள் திட்டம். மூன்று மாதமாக இதே பேச்சு. கவுன் இருந்த பை என் கையில் இருந்தது.

துறையில் இப்போது சுற்றுலா லாஞ்சுகள் நிற்கின்றன. சாயங்காலம் ஆட்களை ஏற்றிக்கொண்டு, சாப்பாடு போட்டு, கிரீக்கில் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடும். ஏறும் பலகையில் நின்றவன் சும்மா ஏறிப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டான். எனக்குக் கால் நிற்குமா? ஏறினேன். ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு எப்படித் தாண்டுவோம், எப்படிச் சலாம் சொல்லுவோம் என்று கரையில் நின்ற மகளுக்கு நடித்துக் காட்டினேன். நடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் பையை அந்த லாஞ்சின் பெஞ்சில் வைத்தேன். அந்திநேர மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். இறங்கி, நானும் ஜெய்னம்புவும் பழைய பள்ளிவாசலுக்கே போனோம். மகள் அத்தர் கடை ஏசியில் குழந்தையை அமர்த்திக்கொண்டிருந்தாள்.

தொழுதுவிட்டு வந்து பார்த்தால் லாஞ்சைக் காணோம்.

விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு அது நடு கிரீக்கில் போய்க்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து ஹாஜியைப் போல இடது பக்கமாக இறக்கிக் காட்டினேன். லாஞ்சிலிருந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் சந்தோஷமாகக் கையசைத்தார்கள். ருக்சானா சிரித்துச் சிரித்துக் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "வாப்பா, இத்தன வருஷமா இதத்தானே எங்களுக்குப் பாடம் எடுத்தீங்க" என்றாள்.

ஜெய்னம்பு சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பக்கத்து ரெஸ்டாரண்டில் என்னை உட்காரவைத்தாள். சர்வரைக் கூப்பிட்டு, "ஒரே ஒரு டீ" என்றாள். வந்ததும் அதை எடுத்துத் தன் கையால் என் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதிய கடிதங்களை அவள் எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளங்கை வேர்த்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

கிளாஸ் காலியானதும்தான் வாயைத் திறந்தாள். "பயப்படாதீங்க. இது பொசாசோவுக்குப் போற லாஞ்சு இல்ல. சுத்திட்டு இங்கேயே வந்துரும்."

வரும்தான். ஆனால் பை வருமா? யாராவது காலில் தட்டித் தண்ணீரில் தள்ளிவிட்டால்? சாப்பாட்டுக் குப்பையோடு அள்ளிப் போட்டுவிட்டால்? மகள் வாங்கித் தந்த மீன் கபாப்பைத் தொடாமல் கிரீக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாஞ்சு திரும்பி வந்தபோது அதன் இடத்தில் இன்னொரு லாஞ்சு நின்றது. அதை ஒட்டி வெளியே கட்டினார்கள். உள்ளே நின்ற படகு நகர்ந்தால்தான் ஆட்களை இறக்குவார்களாம். என்னால் பொறுக்க முடியவில்லை. உள்படகில் கால் வைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன். சார், சார் என்று ஒரு பையன் தடுக்க ஓடிவந்தான். அதற்குள் அடுத்த தளத்தை மிதித்துவிட்டேன். முட்டி கடகடவென்றது, ஆனால் கால் மறக்கவில்லை. அங்கேயும் சலாம் சொன்னேன். சுக்கான் பக்கம் உட்கார்ந்திருந்த வயதான குஜராத்திக்காரர் எழுந்து நின்று முறையாகப் பதில் சலாம் சொன்னார். கேட்கும் முன்பே, தன் காலடியிலிருந்து பையை எடுத்து நீட்டினார். யாருடையதோ தளத்தில் கிடந்தது, எடுத்து வைத்தேன் என்றார் இந்தியில். பழைய சரக்கு லாஞ்சில் கலாசியாக இருந்தவராம். அவர் கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பேத்திக்குக் கவுன் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. மஞ்சள் வெளுத்திருந்தது, தையல் ஒன்றுகூட விடவில்லை. இரும்புக் குற்றியின் மேல் அவளை உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தோம். அவள் கையைக் காலை ஆட்டிச் சிரித்தாள். ஹலீமா எங்கே இருக்கிறாளோ, ஹாஜி மவுத்தாகி எத்தனையோ வருடம் ஆயிற்று, இரண்டு பேருக்கும் மனதார துஆ செய்தேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"வாங்க, எல்லாரும் டீ குடிப்போம்" என்று ருக்சானா சர்வரைக் கூப்பிட்டு, மூன்று விரலைக் காட்டினாள். ஜெய்னம்பு அவள் கையைப் பிடித்து ஒரு விரலை மடக்கினாள்.

"வாப்பாவுக்கு வேணாம்" என்றாள்.